திட்டம் போட்ட விண்கலம்

விண்கலத்துக்கு ஒவ்வொரு கட்டளையும் பூமியிலிருந்துதான் போக வேண்டுமா? 1999 மே மாதம் நாசா வேறு மாதிரி செய்து பார்த்தது. சுமார் 10 கோடி கி.மீ. தொலைவில் இருந்த டீப் ஸ்பேஸ் 1 கலத்துக்கு இலக்குகளை மட்டும் கொடுத்தார்கள். எதை எப்போது செய்வது என்று ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருளே திட்டம் போட்டது.

மறுநாளே சிக்கல்! அணைக்க வேண்டிய அயனி எஞ்சினை அது அணைக்கவில்லை. நிரலின் இரு பகுதிகள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. பூமியில் நடந்த சோதனைகளில் சிக்காத பிழை. காரணத்தைக் கண்டுபிடித்து, மூன்று நாளில் மீண்டும் ஓட்டி, மிச்ச இலக்குகளையும் முடித்தார்கள்.

இதைப் படித்ததும் 'கம்ப்யூட்டரை நம்பி விண்கலத்தை விடலாமா?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் தவறியது அது போட்ட திட்டம் இல்லை. அதை நிறைவேற்ற மனிதர்கள் எழுதிய நிரல். நாமும் நிரல் எழுதுகிறவர்கள்தானே? லேபில் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று இனி நான் சொல்ல மாட்டேன். நீங்கள்?