மூட்டையில் தெரியாத மயில்

தாராவியில் முறுக்கு போடும் நெல்லை நண்பர் கடைக்கு ஒரு சின்னம் வரைந்து வாங்கினார். வேல், மயில், தாமரை, மூன்று மொழியில் பெயர், ஐந்து வர்ணம். லட்சணமாகத்தான் இருந்தது. தகடு வெட்டி மூட்டையில் கறுப்பு மை பூசியதும் எல்லாம் ஒரே திட்டு! தீபாவளிச் சரக்கு வேறு குவியலில் கிடந்து, பண்டிகைக்கு மறுநாள் புனே போய்ச் சேர்ந்தது.

பார்சல் குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன். ஒரே மையில், சாக்கின் மேல், மங்கிய வெளிச்சத்தில், ஓடுகிற போர்ட்டர் கண்ணுக்கும் புரிந்தால்தான் அது சின்னம். எங்கள் ரெயில்வே 2002-ல் கொண்டுவந்த 'போலு'வைப் பாருங்கள். கார்டு உடுப்பில் ஒரு யானை, கையில் பச்சை விளக்கு. அவ்வளவுதான்.

சாமி படம் கூடாதா என்று கோபிப்பார்கள். பூஜை மாடத்தில் வையுங்கள், ஐயா! சாமி எல்லோருக்கும் பொது. 'ராமாயண்' என்ற பெயரைத் தமக்கே பதிவு செய்யக் கேட்ட ஊதுவத்தி வியாபாரிக்கு 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு இல்லை என்றுவிட்டது. சொந்தச் சின்னமென்றால் பதிவு செய்யலாம்; 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அந்த ஆபீஸ் நமக்குப் பக்கத்திலேயே, ஆன்டாப் ஹில்லில்தான் இருக்கிறது.

நண்பர் இப்போது ஒற்றை மயிலிறகோடு நிறுத்திக்கொண்டார். போன வாரம் அவர் மூட்டையை இருபது அடி தள்ளி நின்றே கண்டுகொண்டேன்.