நீல் துரை கண்டெடுத்த ஆயுதம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பல்லாவரம், பரங்கிமலை என்கின்ற பழைய கும்பினிப் பட்டாளத்து ஊர்களைத் தாண்டி எழும்பூரில் இறங்குகின்றவர்கள், அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஜேம்ஸ் நீல் என்னும் வெள்ளைக்காரத் தளபதியின் சிலையைக் காணலாம். மவுண்ட் ரோட்டில் நின்ற இச்சிலையை எடுக்க வேண்டுமென்று 1927ல் தேசியவாதிகள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937ல் சிலை எடுக்கப்பட்டது. எடுத்தது நியாயமே, அதில் நமக்குத் தகராறில்லை. அதோடு அவமானம் தீர்ந்துவிட்டதென்று நினைக்கின்றார்களே, அதில்தான் தகராறு.

யார் இந்த நீல்? 1810ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1827ல் கும்பினியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1857ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சென்னையின் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வடக்கே போனார். ஜூன் மாதத்தில் காசியிலும் அலகாபாத்திலும் கலகக்காரன் யார், வழிப்போக்கன் யார் என்று சரியாக விசாரியாமல் தூக்கிலிட்டதும், ஊர்களைக் கொளுத்தியதும் அவர் அதிகாரத்தில் நடந்த காரியங்கள். கான்பூர் பீபிகரில் சுமார் 200 வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதற்குப் பழி வாங்கினார் என்று சிலர் அவருக்காகப் பரிந்து பேசுவதுண்டு. அக்கொலை மகா கொடுமை என்பதில் ஆட்சேபணையில்லை. ஆனால் அது நடந்தது ஜூலை 15ந் தேதி. ஜூலை மாதக் கொலை ஜூன் மாதத் தூக்குக்கு எப்படிக் காரணமாகும்?

கான்பூரில் ஜூலை 25ந் தேதி நீல் ஓர் உத்தரவு போட்டார். தூக்குத் தண்டனை பெற்றவன், சாவதற்கு முன் அவ்வீட்டு இரத்தக் கறையில் ஒரு பங்கைத் தன் கையால் துடைக்க வேண்டும், மறுத்தால் சவுக்கடி. நாவால் நக்க வைத்ததும் உண்டு. இரத்தத்தைத் தொட்டால் ஆத்மா நாசமாகுமென்று மேல் ஜாதியார் நம்புகின்றார்கள், நம்பிக்கொள்ளட்டும் என்பதே அவர் சொன்ன சமாதானம். இரண்டே மாதத்தில், செப்டம்பர் 25ந் தேதி, லக்னோவில் குண்டடிபட்டு மாண்டார்.

தோழர்களே! இந்த ஆயுதம் பரங்கிமலைப் பீரங்கிக் கிடங்கில் கிடைத்ததா? சீமையிலிருந்து கப்பலில் வந்ததா? இல்லை. தீட்டு என்னும் பெயரால் நாமே கூர் தீட்டி வைத்திருந்ததை அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். சாவுக்கு அஞ்சாத சிப்பாயையும் தீட்டுக்கு அஞ்ச வைத்தது யார்? நீலா, நமது சாஸ்திரமா?

இன்னொன்று கேட்கின்றோம். அசுத்தத்தைக் கையால் துடைக்க வைப்பது தூக்கைவிடப் பெரிய தண்டனையென்று நீல் கண்டார்; நம்மவர்களும் அதைக் கேட்டுத் துடிக்கின்றார்கள். அதே தண்டனையை, ஒரு குற்றமும் செய்யாத மனிதனுக்கு, இன்ன வீட்டில் பிறந்தான் என்பதற்காகவே ஆயுள் முழுவதும் விதித்தவர்கள் யார்? அதற்குப் பெயர் கொடுமையல்லவாம், குலத்தொழிலாம்!

"அன்னியன் செய்ததையும் நாம் செய்வதையும் ஒன்றாகப் பேசலாமா?" என்று சில தேசபக்தர்கள் கோபிக்கக்கூடும். ஒன்றாகப் பேசக்கூடாதுதான். நீல் உத்தரவை அவருக்குப் பின் வந்த சேனாதிபதி காலின் காம்பெல், தங்கள் ஜாதிக்கும் மதத்துக்கும் இழிவென்று நிறுத்திவிட்டார். நம் உத்தரவோ தலைமுறை தலைமுறையாக நடக்கின்றது. 1993ல் ஒரு சட்டம், 2013ல் ஒரு சட்டம் வந்த பிறகும், சென்னையிலும் புறநகர்களிலும் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் மாண்டவர்கள் உண்டு. அவர்களில் மேல் ஜாதிக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, நீல் சிலையை இடம் மாற்றியது போதாது. உங்கள் வீட்டுத் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள், யந்திரத்தை வரவழையுங்கள். இறக்குகின்றவனைப் பற்றி நகராட்சியில் புகார் எழுதுங்கள். அதைச் செய்யாமல் நீலைத் திட்டுவது, திருடனைத் திட்டிக்கொண்டே திருட்டுப் பொருளை வீட்டில் வைத்துக்கொள்வதாகும்.