பிடித்த காலேஜா? பேர் பெற்ற காலேஜா?

பிளஸ்-டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சென்னையில் பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு நிம்மதியாக இறங்காது.

"அந்தக் காலேஜ்ல படிக்கிறான்னு சொன்னா நாலு பேர் மதிப்பாங்கடா" என்பார் அப்பா. "எனக்கு இதுதாம்ப்பா பிடிச்சிருக்கு" என்பான் பையன். நடுவில் மாமா, சித்தப்பா, மாடி வீட்டு ரிட்டயர்டு ஹெட்கிளார்க்! ஆளுக்கொரு தீர்ப்பு. படிக்கப் போகிறவன் வாயைத் திறந்தால் மட்டும், "உனக்கென்னடா தெரியும்?"

அவனுக்குத் தெரியும். நேரில் போய்ப் பார்த்திருப்பான். சீனியர் பையன்களிடம் விசாரித்திருப்பான். புரொபசர்கள் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறார்களா, லைப்ரரி எத்தனை மணி வரை, எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதெல்லாம் கேட்டு வைத்திருப்பான். மாமா கேட்டிருப்பது பேரை மட்டும்தான்.

பேருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாநிலக் கல்லூரி 1840-ல் தொடங்கியது. நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி. ராமனும் சந்திரசேகரும் படித்த இடம். அந்தப் பேர் சும்மா வந்ததல்ல! சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் காலேஜ் பேர்தான் சிபாரிசுக் கடிதம். கேட்ட பாடமே பெரிய காலேஜிலும் கிடைத்தால், அப்பா சொல்வதைக் கேட்பதில் நஷ்டமில்லை.

வில்லங்கம் எங்கே வருகிறது? கணக்குப் பாடம் கேட்டவனுக்கு, "அது நிரம்பிடுச்சு, இது இருக்கு, எடுத்துக்கிறியா?" என்கிறபோதுதான். பேருக்காகப் பிடிக்காத பாடத்தில் உட்கார்ந்தவன் மூன்று வருஷமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். தரவரிசைப் பட்டியலைக் காட்டுவோரும் உண்டு. மத்திய அரசின் அந்தப் பட்டியலிலேயே நூற்றுக்குப் பத்து மார்க், 'மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்' என்பதற்கு!

இதையெல்லாம் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தீர்க்க முடியாதது பணம். முதலில் இடம் கொடுத்த காலேஜில் பீஸ் கட்டி, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுத்தாச்சு. பத்து நாள் கழித்து ஆசைப்பட்ட காலேஜிலிருந்து போன் வருகிறது. போய்க் கேட்டால், "மூணு வருஷ பீஸையும் கட்டிட்டு சர்டிபிகேட்டை எடுத்துட்டுப் போங்க" என்று மிரட்டுகிற நிர்வாகங்கள் உண்டு. கடன் வாங்கிக் கட்டிய தகப்பன் என்ன செய்வார்? "சரி, இங்கேயே படி" என்று மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். அப்பாவும் ஜெயிக்கவில்லை, பையனும் ஜெயிக்கவில்லை. ஜெயித்தது ஆபீஸ் பீரோ!

ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே இதற்கு விதி போட்டுவிட்டது. ஒரிஜினலைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும். பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே விலகினால் முழுப் பீஸும் வாபஸ். ஆபீஸ் செலவென்று ஐந்து சதவிகிதம், அதிலும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், கழிக்கலாம். அதற்குப் பிறகு விலகினால் வாபஸ் தொகை படிப்படியாகக் குறையும். மீறுகிற காலேஜின் மானியத்தை நிறுத்தக்கூட இடமிருக்கிறது.

கெஞ்சிக்கொண்டு நிற்கிற தகப்பனுக்கு இதை யார் சொல்வது? பீஸ் கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இந்த விதியைத் தமிழில் எழுதி மாட்டும்படி ஒவ்வொரு காலேஜுக்கும் உயர்கல்வித் துறை உத்தரவு போடலாமே! ஒரு போர்டு, கொஞ்சம் பெயிண்ட். அவ்வளவுதான் செலவு.