ஒரே இரவில் வெள்ளையரான குழந்தைகள்

1904 அக்டோபர் 2, இரவு. அமெரிக்காவின் அரிசோனா பிரதேசத்தில் கிளிஃப்டன், மொரென்சி என்று அடுத்தடுத்து இரண்டு செம்புச் சுரங்க ஊர்கள். கொட்டுகிற மழையில் துப்பாக்கி ஏந்திய வெள்ளை ஆண்கள் சுமார் 25 பேர், மெக்சிகோ தொழிலாளர்களின் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். முந்தைய நாள் மாலைதான் நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்து அந்த வீடுகளில் சேர்ந்திருந்த சின்னக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் ஐரிஷ் கத்தோலிக்கத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் அவை. மூன்று நான்கு வயதுதான் இருக்கும்.

இதைக் குழந்தைக் கடத்தல் என்று அந்த ஊரில் எந்த வெள்ளையரும் சொல்லவில்லை. மீட்பு என்றார்கள். நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. "குழந்தையின் நலன்" என்ற சொல்லை எப்போது கேட்டாலும் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. அனாதைக் குழந்தைக்காக நடந்த சண்டைகள் பலவும் தங்கள் கூட்டத்தின் வேலியைக் காப்பதற்காக நடந்த சண்டைகளே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியது. பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். நியூயார்க்கில் இறங்கிய ஐரிஷ்காரர் சட்டப்படி வெள்ளையர்தான். ஆனால் வெள்ளையர் ஏணியின் கடைசிப் படி அவருடையது. பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் அவருக்குக் குரங்கு முகம். கத்தோலிக்க மதமோ நாட்டுக்கே ஆபத்து என்று பேசப்பட்டது. 1871இல் தாமஸ் நாஸ்ட் ஒரு படம் வரைந்தார். கத்தோலிக்க ஆயர்கள் முதலைகளாகக் கரையேறி வெள்ளைக் குழந்தைகளை விழுங்க வருகிறார்கள். அந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர் "அமெரிக்க கங்கை நதி". ஐரிஷ்காரரை இழிவுபடுத்த நம் ஊர் ஆறு போய்ச் சேர்ந்த விதம் இது.

1853இல் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற புராட்டஸ்டண்ட் போதகர் குழந்தைகள் உதவிச் சங்கத்தைத் தொடங்கினார். தெருக் குழந்தைகளை ரயிலேற்றி மேற்கே விவசாயக் குடும்பங்களுக்கு அனுப்புவது திட்டம். அடுத்த ஆண்டு முதல் ரயில் கிளம்பியது. 1929 வரை இப்படி அனுப்பப்பட்ட குழந்தைகள் சுமார் இரண்டு லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். வறுமைதான் அவர்களை "அனாதை" ஆக்கியது. ஊர் மண்டபத்தில் வரிசையாக நிறுத்துவார்கள், வேண்டியவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஐரிஷ் கத்தோலிக்கப் பிள்ளை புராட்டஸ்டண்ட் பண்ணையாளாக வளரும்.

தங்கள் பிள்ளைகளைத் திருடுகிறார்கள் என்று கத்தோலிக்கர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. 1863இல் கத்தோலிக்கக் காப்பகம் வந்தது. 1869இல் சகோதரி ஐரீன், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தைத் திறந்து வாசலில் ஒரு தொட்டில் வைத்தார். கல்யாணமாகாமல் பெற்றவள் இரவில் வந்து பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகலாம். அந்தத் தொட்டில் இல்லாவிட்டால் எத்தனையோ உயிர் போயிருக்கும். இதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே 1863இன் ஜூலை மாதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. கலவரக்காரர்களில் பெரும்பகுதி ஐரிஷ் ஏழைகள். அவர்கள் கறுப்பினத்தவரைத் தேடித் தேடிக் கொன்றார்கள். ஐந்தாம் அவென்யூவில் இருநூறுக்கும் மேற்பட்ட கறுப்பினக் குழந்தைகள் வாழ்ந்த அனாதை இல்லத்தைச் சூறையாடித் தீ வைத்தார்கள். குழந்தைகள் பின்வாசல் வழியாகத் தப்பினார்கள். மேல்படியில் இருப்பவனிடம் உதை வாங்குகிறவன் கீழ்ப்படியில் இருப்பவனை உதைக்கிறான். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று எதைச் சொன்னாரோ, அதை நம் மண்ணில் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏணி புதிதாக இருக்காது.

இப்போது அரிசோனாவுக்கு வருவோம். ஐரீனின் இல்லம் தன் குழந்தைகளைக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மட்டும் அனுப்பியது. அந்தந்த ஊர்ப் பாதிரியார் குடும்பங்களைத் தேர்வு செய்வார். குழந்தையின் உடையில் ஒரு எண். அதே எண் வளர்க்கப் போகிறவர் கையில். கிளிஃப்டனில் இருந்த இளம் பிரெஞ்சுப் பாதிரியார் தன் சபையாரிடம் கேட்டார். அவர் சபையில் பெரும்பாலோர் மெக்சிகோக்காரர். அந்தப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். 40 குழந்தைகள் வந்து இறங்கின. வேலி மதத்தால் போடப்பட்டிருந்ததால், இந்த இடத்தில் அது சரியாகவே வேலை செய்தது.

ஆனால் ரயிலடியில் வேடிக்கை பார்த்த வெள்ளைப் பெண்களின் கண்ணில் பட்டது மதமா? பழுப்பு நிறக் கைகளில் வெள்ளைக் குழந்தைகள். அதுதான் பட்டது. நியூயார்க்கில் எவர் வீட்டு வரவேற்பறையிலும் இடமில்லாத ஐரிஷ் பிள்ளைகள், அரிசோனா மண்ணில் கால் வைத்ததும் தூய வெள்ளை ரத்தம் ஆகிவிட்டார்கள். பெண்கள் பொங்கினார்கள், ஆண்கள் துப்பாக்கி எடுத்தார்கள். பாதிரியாரையும் இல்லத்தின் முகவரையும் கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள். 19 குழந்தைகளை வெள்ளைக் குடும்பங்கள் வைத்துக்கொண்டன. மீதி 21 பேரோடு கன்னியாஸ்திரிகள் ஊர் திரும்பினார்கள். லிண்டா கார்டன் என்ற வரலாற்றாசிரியர் 1999இல் இதை ஒரு முழு நூலாகவே எழுதினார்.

"அந்த வெள்ளைக் குடும்பங்கள் வசதியானவை, குழந்தைக்கு நல்லதுதானே?" என்று கேட்கும் நல்லவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வசதி எங்கிருந்து வந்தது? சுரங்கத்தில் மெக்சிகோக்காரருக்குக் கூலி குறைவு, வெள்ளையருக்கு அதிகம். 1903இல்தான் கூலிக் குறைப்பை எதிர்த்து அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மெக்சிகோ, இத்தாலியத் தொழிலாளர் முன்னின்ற அந்தப் போராட்டத்தை அடக்க ராணுவம் வந்தது. கூலியைக் குறைத்து வைத்துவிட்டு, "உன் வீடு ஏழை வீடு, குழந்தை வளர்க்கத் தகுதியில்லை" என்றால் அதற்குப் பெயர் அக்கறையா?

குழந்தைகளைத் தன்னிடம் தரும்படி இல்லம் வழக்குப் போட்டது. 1905இல் அரிசோனா உச்ச நீதிமன்றம் வெள்ளைக் குடும்பங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மெக்சிகோ குடும்பங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவை, ஆங்கிலம் அறியாதவை, கலப்பு ரத்தம், ஒழுக்கமற்றவை என்று அங்கே பதிவானது. குழந்தையின் நலன் கருதியே முடிவு என்றார்கள். 1906இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த மேல்முறையீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று தள்ளியது. ஆயுதம் தாங்கிய கும்பல் செய்ததைச் சட்டம் அங்கீகரித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். வழக்கில் ஒரு பக்கம் கத்தோலிக்க இல்லம், மறுபக்கம் வெள்ளைக் குடும்பம். பாய் விரித்துக் காத்திருந்த மெக்சிகோத் தாய்மார் எந்தப் பக்கமும் இல்லை. இல்லமும் அவர்களிடம் குழந்தைகளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரே திருப்பலியில் மண்டியிட்ட சகோதரிகள்தான் அவர்கள். நிறம் குறுக்கே வந்ததும் மதச் சகோதரத்துவம் அவர்களுக்காக வாய் திறக்கவில்லை.

எதிரி முகாமே இல்லாத இடத்தில் இதே திருச்சபை எப்படி நடந்தது? சுதந்திர அயர்லாந்தைப் பாருங்கள். 1952இல்தான் அங்கே தத்தெடுப்புச் சட்டம் வந்தது. குழந்தையின் மதமும் தத்தெடுப்பவர் மதமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றது சட்டம். கலப்புமணத் தம்பதிக்குக் குழந்தை கிடையாது. 1974இல் நீதிமன்றம் அதை அடித்து நொறுக்கும்வரை இதுதான் நிலை. 1940களின் இறுதியிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்கக் கத்தோலிக்க வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கல்யாணமாகாத தாய்மார்கள் அடைக்கப்பட்ட இல்லங்களில் 18ஐ ஆராய்ந்த அரசு ஆணையம், அங்கே சுமார் 9,000 குழந்தைகள் இறந்ததாக 2021இல் அறிக்கை தந்தது. டூவம் ஊர் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் பெயர்களை, ஊர் வரலாற்றைத் தோண்டிய கேத்தரின் கார்லெஸ் என்ற பெண் தனியாளாகத் திரட்டினார். புராட்டஸ்டண்ட் கையில் போய்விடக் கூடாது என்று எந்தக் குழந்தைக்காகத் திருச்சபை வேலி போட்டதோ, வேலிக்குள்ளே அந்தக் குழந்தைக்குப் பால் கிடைத்ததா என்று பார்க்க ஆளில்லை.

அந்த 40 குழந்தைகளும் நியூயார்க்கைவிட்டுக் கிளம்பிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1916 மே மாதம், அதே நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். தன் வட்டத்துக்குள்ளேயே பெண்ணையும் ஆணையும் பூட்டி வைப்பதில்தான் சாதி பிழைக்கிறது என்றார். அம்பேத்கரின் அந்தச் சாவியை எடுத்து இந்த வரலாற்றைத் திறந்து பாருங்கள். குழந்தை யார் வீட்டில் வளர்கிறது என்பதுதான் அது நாளை யாரைக் கட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மெக்சிகோ வீட்டில் வளரும் வெள்ளைப் பெண்குழந்தை பதினைந்து ஆண்டில் மெக்சிகோ மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வாள். வேலி அதோடு முடிந்தது. தூய ரத்தம் என்று ஒன்று கிடையாது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். மழையில் துப்பாக்கியோடு ஓடியவர்களின் அச்சம் இதுதான்.

தத்துக் கொடுப்பதிலும் வளர்ப்புக் குடும்பம் தேடுவதிலும் "நம்ம ஆளுங்க வீடா?" என்ற கேள்வி எழும்போதெல்லாம், நம் முன்னால் நிற்பது கிளிஃப்டன்தான். குழந்தையின் நலன் என்று யாராவது ஆரம்பித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பெற்றவளிடம் கேட்டீர்களா? வளர்க்க முன்வந்தவளைத் தகுதியற்றவள் என்று சொன்னது யார்? அவள் ஏழையாக இருப்பதில் உங்களுக்கு எவ்வளவு லாபம்?