கடனும் விருப்பும்: எதிர்காலம் பேசும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்கால விகுதி கிடையாது என்று கூறினால், அம்மொழியைக் கற்றுப் பட்டம் பெற்றோரிலும் பலர் வியப்படைவர். ஆயினும் உண்மை அதுவே. தமிழில் ‘செய்தான்’, ‘செய்கின்றான்’, ‘செய்வான்’ என வினையே மூன்று காலங்களையும் காட்டி நிற்கும். ஆங்கில வினையோ இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் மாத்திரமே அவ்வாறு காட்டவல்லது. நாளைய தினத்தைப் பற்றிப் பேச அது வேறு சொற்களின் துணையை நாடவேண்டும். அத்துணைச் சொற்களுள் எம் மக்களின் வாழ்வைப் பெரிதும் தொட்டவை மூன்று: ‘ஷல்’, ‘வில்’, ‘மே’.

இவற்றின் பிறப்பை முதலில் அறிதல் நன்று. ‘ஷல்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘கடன்பட்டிருத்தல்’ என்பது பொருள். ஜேர்மன் மொழியில் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் ‘ஷுல்ட்’ என்ற சொல் இதன் உறவினமே. ‘வில்’ என்பதன் பொருள் ‘விரும்புதல்’. இறப்பவனின் விருப்பத்தைக் கூறும் மரணசாதனத்துக்கு ஆங்கிலத்தில் அப்பெயர் வாய்த்தமையும் இதனாலேயே. ‘மே’ என்பதன் பொருள் ‘வலிமையுடைமை’. எனவே நாளையைப் பற்றி ஒருவன் ‘கடன்பட்டுள்ளேன்’ என்கிறான். மற்றொருவன் ‘விரும்புகின்றேன்’ என்கிறான். மூன்றாமவன் ‘என்னால் இயலும்’ என்கிறான். இம்மூன்றும் ஒன்றல்ல என்பதை, அறுவடையை நம்பிக் கடன் பெற்ற எந்தக் கமக்காரனுக்கும் எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

இன்று ஆங்கிலேயரின் நாளாந்தப் பேச்சில் ‘ஷல்’ அருகிவிட்டது. சட்டத்தில் மாத்திரம் அது பழைய பொருளோடு நிலைத்து நிற்கின்றது. ‘ஷல்’ என்றால் கடமை. ‘மே’ என்றால் அதிகாரம் மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு எமது நாட்டின் சட்டங்களை நோக்குவோம். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. அங்கு அமைந்த சொல் ‘ஷல்’. இரண்டு ஆண்டுகளின் பின் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், 1958 இன் 28 ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் விதிக்கப்படும் நிர்வாகக் கருமங்களுக்குத் தமிழைப் பயன்படுத்துவது பற்றி அது கூறுமிடத்து அமைந்த சொல்லோ ‘மே’. ஒரு மொழிக்குக் கடமை. மற்ற மொழிக்கு அனுமதி! அந்த அனுமதிக்கு உயிர் கொடுக்கவேண்டிய ஒழுங்குவிதிகள் 1966 ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றத்தில் நிறைவேறின. எட்டு ஆண்டுகள் சும்மா கிடந்த சட்டத்தை மீறியதாக எந்த அமைச்சர் மீதும் குற்றஞ் சாட்ட வழியிருக்கவில்லை. ‘மே’ என்ற சொல் எவரையும் கடனாளி ஆக்குவதில்லை.

‘மே’ என்பது சில வேளைகளிற் கடமையையும் குறிக்கும் என்று சட்ட அறிஞர் வாதிடலாம். 1880 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் ஆயர் சம்பந்தப்பட்ட வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதனை ஆராய்ந்தது. அச்சொல் அதிகாரத்தையே வழங்கும். அதனைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற கடமை வேறு ஏதுக்களிலிருந்து பிறத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அந்த ஏதுவை நிரூபிக்கும் பாரம் யாருடையது? உரிமை கேட்பவனுடையதே.

அடுத்து ‘வில்’. 1987 யூலை 29 இல் கைச்சாத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தம், 1988 டிசெம்பர் 31 இலோ அதற்கு முன்னரோ கிழக்கு மாகாணத்தில் சர்வசன வாக்கெடுப்பு நடைபெறும் என்றது. அதற்கு வாய்த்த சொல் ‘வில்’. அதன் அருகிலேயே, சனாதிபதி தம் தற்றுணிபின்படி வாக்கெடுப்பை ஒத்திவைக்கலாம் என்றும் எழுதப்பட்டது. இங்கே அமைந்த சொல் ‘மே’. ஆண்டுதோறும் ஒத்திவைப்பே நிகழ்ந்தது. 2006 இல் உயர் நீதிமன்றம் மாகாணங்கள் இணைக்கப்பட்ட முறை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2007 சனவரி முதல் அவை பிரிந்தன. கிழக்கில் வாழும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய எவரிடமும் அவர்தம் விருப்பம் ஒருநாளேனும் கேட்கப்படவில்லை. விருப்பச் சொல்லால் எழுதிய வாக்குறுதி விருப்பமாகவே முடிந்தது.

அப்படியாயின் ‘ஷல்’ கிடைத்தால் போதுமா? போதாது. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என ‘ஷல்’ கொண்டே கூறியது. அதே திருத்தம் தேசிய காணி ஆணைக்குழுவை அமைக்கும் பொறுப்பையும் ‘ஷல்’ கொண்டே அரசாங்கத்தின் மீது சுமத்தியது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த ஆணைக்குழு அமையவில்லை. எந்நாளுக்குள் என்று சட்டம் கூறவில்லை. தவறினால் யாது விளையும் என்றும் கூறவில்லை. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலோ இதனினும் விந்தையுண்டு. 27 ஆம் உறுப்புரை நிர்வாகத்தைப் பன்முகப்படுத்துதல் முதலிய நற்கருமங்களை அரசின் மீது ‘ஷல்’ கொண்டு விதிக்கின்றது. 29 ஆம் உறுப்புரை, அவற்றை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த முடியாது என்று கதவை அடைக்கின்றது. கடன் உண்டு, வழக்கிட முடியாது என்பதே இதன் பொருள்.

நிற்க, எமது மொழியிலும் ஒரு பொறி இருக்கின்றது. ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்பதும் ‘அரசாங்கம் காணிகளை விடுவிக்கும்’ என்பதும் தமிழில் ஒரே வடிவின. முன்னது இயற்கை நியதி. பின்னது அமைச்சர் ஒருவரின் வாய்ச்சொல். இரண்டையும் ஒரே ஓசையிற் கேட்டுப் பழகிய மக்கள், வாக்குறுதியை விடியல் என்று நம்பிவிடுகின்றனர். பத்திரிகையாளரும் மொழிபெயர்ப்பாளரும் ‘விடுவிப்பதாகக் கூறுகின்றது’ என்று எழுதினால் அதுவே பெருந்தொண்டாகும். சட்டமாயின் ‘விடுவித்தல் வேண்டும்’ என்பதும் ‘விடுவிக்கலாம்’ என்பதும் ஒருபோதும் மயங்கலாகாது. சட்டங்களின் தமிழ் உரைக்கும் சிங்கள உரைக்கும் முரண்பாடு தோன்றின் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு பெரும்பாலான சட்டங்களின் ஈற்றில் இருக்கின்றது. ஆகவே எம் தரப்புச் சட்டத்தரணிகள் மூன்று மொழி உரைகளையும் ஒப்புநோக்குவதைத் தம் தொழிற் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.

தென்னாபிரிக்கா தனது 1996 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் ‘ஷல்’ என்பதைக் கைவிட்டு, ஐயத்துக்கு இடமற்ற ‘மஸ்ட்’ என்ற சொல்லைக் கையாண்டது. அது நல்ல வழியே. ஆனாற் சொல்லை மாற்றுவதால் மட்டும் கடன் அடைபடாது. எம் ஊர்களில் ஈட்டுறுதி எழுதுவிக்கும் எளிய கமக்காரனும் நொத்தாரிசிடம் நான்கு விடயங்களைக் கேட்பான். கடனாளி யார்? தொகை எவ்வளவு? தவணை எப்போது? தவறினால் என்ன? தன் பத்துப் பரப்புக் காணிக்கு இத்தனை விழிப்புக் காட்டும் மக்கள், தம் சந்ததியின் எதிர்காலத்தை எழுதும் பத்திரத்தில் ‘நடைபெறும்’ என்ற ஒரு சொல்லோடு திருப்தியடைவது தகுமா?

இனி எம் பிரதிநிதிகள் எந்த மேசையில் அமரினும், எந்தப் புதிய அரசியலமைப்பின் வரைவைக் கையில் வாங்கினும், இந்த நான்கு கேள்விகளையும் கேட்டல் வேண்டும். விடை எழுத்தில் இல்லையாயின் ஒப்பமிடலாகாது. அவர்கள் கேட்டார்களா என்று கேட்பது வாக்களித்த எமது கடமை.