வற்றிய இடமும் ஏரிதான்

ஆப்பிரிக்காவிலுள்ள சாட் ஏரியைப் பற்றிய படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. இடப்பக்கம் 1963-ஆம் ஆண்டு, நீலமாகப் பெரிய ஏரி. வலப்பக்கம் பின்னாளைய ஏரி, ஒரு சின்னத் திட்டு. கீழே "இதுதான் உலகத்தின் கதி" என்று ஒரு வரி, கைகூப்பும் பொம்மை இரண்டு. எனக்கு மட்டும் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஏரி எனக்குப் பழைய சிநேகிதம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளுக்குத் தாமிரபரணி எங்கே பிறக்கிறது என்று தெரியாது. 'லாக் ச்சாட்' எங்கே என்று கேட்டால் வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைப்போம். தாமிரபரணி எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு, மனைவியின் ஊரான நாங்குநேரிக்கு வரத் தொடங்கியபோதுதான் பழக்கமானது. ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட பிறகு, அந்த ஏரிக்கும் இந்த ஊர்க் குளத்துக்கும் உள்ள ஒற்றுமை எனக்கு நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டு வருகிறது. அதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் ஏரியின் விவரம். சாட், நைஜர், நைஜீரியா, கேமரூன் என்று நான்கு நாடுகள் அதன் கரையில் இருக்கின்றன. அதற்கு வரும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு ஷாரி என்ற ஆறும் அதன் துணையாறான லோகோனும் கொண்டுவருவது. ஏரி இருப்பது சகாரா பாலைவனத்தின் ஓரம். அங்கே பெய்யும் மழை நம் நாங்குநேரி மழையைவிடக் குறைவு. தெற்கே, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுப் பக்கம் பெய்யும் மழைதான் அதற்குப் பிழைப்பு. அங்கே ஜூலை, ஆகஸ்டில் பெய்த மழை மெதுவாக நடந்து வந்து ஏரியை நிரப்ப டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். களக்காட்டு மலையில் மழை, நம் ஊரில் வெயில், நாங்குநேரியான் காலில் தண்ணீர் என்று நாம் பார்ப்பதில்லையா, அதே கதைதான். தூரம் மட்டும் அதிகம்.

அந்த ஏரியில் ஆழம் கிடையாது. நிறைந்திருந்த காலத்திலும் சில மீட்டர்தான். தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. வரத்து கொஞ்சம் குறைந்தாலும் கரை பல மைல் உள்ளே போய்விடும். 1960-களின் தொடக்கத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் இருந்தது, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த கடும் வறட்சியில் 2,000-க்கும் கீழே போயிற்று. வாட்ஸ்அப் படம் காட்டுவது அதைத்தான். அது சொல்லாத சேதி, தொண்ணூறுகளுக்குப் பிறகு ஏரி ஓரளவு மீண்டிருக்கிறது என்பது. 2022-இல் ஷாரி ஆறு கரை உடைத்து சாட் நாட்டுத் தலைநகர் இன்ஜமேனாவுக்குள்ளேயே புகுந்தது. செத்துப்போன ஏரிக்குப் போகும் ஆறு ஊருக்குள் வெள்ளமாக வருமா?

வறட்சியில் தண்ணீர் பின்வாங்கியபோது மக்களும் அதன் பின்னாலேயே போனார்கள். மீன்பிடிப்பவர்கள் தண்ணீர் ஓரத்தில் குடிசை போட்டார்கள். வற்றிய வண்டலில் சோளமும் தட்டாம்பயறும் விதைத்தார்கள். புடுமா என்னும் தீவு மக்கள், நீந்தத் தெரிந்த, பருத்த கொம்புள்ள தங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு இடம் மாறினார்கள். கரையோரக் குட்டைகளில் பெண்கள் நீலப்பச்சைப் பாசியை அள்ளி மணலில் காயவைத்து அடையாக விற்கிறார்கள். நம் மருந்துக்கடையில் 'ஸ்பைருலினா' என்று மாத்திரையாகக் காசு வாங்கும் சரக்கு அதே பாசிதான். அந்த வடிநிலத்தை நம்பி வாழ்வோர் மூன்று கோடிக்கும் மேல். இடையில் தீவிரவாதிகளின் கொடுமையால் பல இலட்சம் பேர் ஊரை விட்டு ஓடியது தனித் துயரம்.

இனி ஒரு குமாஸ்தாவுக்குப் பிடித்த பகுதி. நைஜீரியாவிலிருந்து தண்ணீரைத் தொடர்ந்து போன மீனவர்கள் ஒருநாள் கேமரூன் எல்லைக்குள் இருந்தார்கள். தாராக் முதலான ஊர்கள் அப்படி உண்டானவை. ஊர் வந்ததும் நைஜீரிய அரசு பின்னாலேயே பள்ளிக்கூடம், மருத்துவம், வரி வசூல் என்று வந்துவிட்டது. 1994-இல் கேமரூன் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2002 அக்டோபரில் தீர்ப்பு. பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் 1929 முதல் 1931 வரை எழுதிக் கையெழுத்திட்ட எல்லைக் காகிதம்தான் செல்லும். எத்தனை வருடம் குடியிருந்தாலும், எத்தனை ரசீது கொடுத்தாலும் அது உரிமையாகாது என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டு டிசம்பரில் நைஜீரியா அங்கிருந்து விலகியது.

ரசீது என்றதும் நம் ஊர் ஞாபகம் வராமல் போகுமா? குளத்து உள்வாயில் தண்ணீர் வற்றினால் ஒரு போகம் பயறோ எள்ளோ போடுவது இங்கே பழைய வழக்கம். அதில் நான் குற்றம் காணமாட்டேன். ஏழை பாழைகள் பிழைப்பு. ஆனால் அடுத்த வருடம் வரப்பு வருகிறது, அதற்கடுத்த வருடம் வேலி. ஆக்கிரமிப்புக்காக வருவாய்த்துறை பி மெமோ கொடுத்து அபராதம் போட்டால், அந்த அபராத ரசீதையே பத்திரம் மாதிரிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்கள் உண்டு. பத்து ரசீது சேர்ந்தால் பட்டா கேட்டு மனு. பட்டணத்தில் ரசீது கூடத் தேவையில்லை. சென்னை வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியில். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெருவே இருக்கிறது. போய் நின்று பார்த்தால் வீடுகள்தான் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தண்ணீர் எங்கெல்லாம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பல இடங்களில் அது புதிதாக வழி தேடவில்லை, பழைய விலாசத்துக்கே வந்தது.

சாட் ஏரிக்காக நான்கு நாடுகளும் சேர்ந்து 1964-இலேயே ஒரு ஆணையம் வைத்தன. பின்னால் மற்ற நாடுகளும் சேர்ந்தன. அது பெரிதாகச் சாதித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் வெவ்வேறு கொடி உள்ளவர்கள் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். ஆந்திரமும் நாமும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் பழவேற்காடு ஏரியை இரண்டு மாநிலங்களும் தனித்தனிச் சரணாலயமாக அறிவித்து வைத்திருக்கின்றன. எல்லை தாண்டி வலை போட்டதாக மீனவர்களுக்குள் தகராறு வருவதும் உண்டு.

அங்கே இப்போது பெரிய பேச்சு, காங்கோ பக்கத்து ஆறுகளிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவருவது. நமக்கும் 2009-இல் தொடங்கிய வெள்ளநீர்க் கால்வாய் இருக்கிறது. தாமிரபரணியின் உபரி நீரை நம் பக்கம் திருப்பும் திட்டம். வரட்டும், சந்தோஷம். வருகிற தண்ணீர் எங்கே நிற்கும் என்பதுதான் என் கேள்வி. நீர்பிடிப் பகுதியில் வேலி போட்டுவிட்டுக் கால்வாயை மட்டும் நீட்டினால், விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டுத் திண்ணையில் நெல் காயப்போட்ட கதையாகும்.

குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அளப்பதற்கு எந்த மாதத்தில் வருகிறார்கள் என்பதுதான் முக்கியம். சித்திரை வெயிலில் வந்து அளந்தால் குளம் எங்கே என்று தேட வேண்டும். பெரியகுளம் நிறைந்து மறுகால் போகிற அன்றைக்கு வரவேண்டும். தண்ணீர் தொட்ட இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். உள்வாயில் பயிரிடுகிறவர்களுக்கு அந்தந்த ஆண்டுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுக்கலாம். தண்ணீர் வந்தால் சீட்டு காலாவதி என்று அதிலேயே அச்சடித்துவிடலாம்.

கல் நட்டால் இரவோடு இரவாகக் கல் நகர்ந்துவிடும் என்பார்கள். அப்படியானால் பனை நடுங்கள். நம் தேரிக்காட்டுப் பக்கம் பனங்கொட்டைக்கா பஞ்சம்?