மூளைக்கும் வேலியா?

நரம்பு விஞ்ஞானத்தில் இளமாணிப் பட்டமொன்றை வகுக்கவேண்டும் என்று எவரேனும் வாய்திறந்தால், “அது எந்தப் பீடத்துக்கு உரியது?” என்ற கேள்வியே முதலில் எழுகின்றது. அக்கேள்வியே பிழையானது என்கின்றோம் நாம்.

சேதனப் பொஸ்பரஸ் வகைக் கிருமிநாசினியால் நஞ்சேறிய கமக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகின்றனர். நரம்பிலிருந்து தசைக்குத் தூது செல்லும் அசற்றைல்கோலினைச் சிதைக்கவேண்டிய நொதியத்தை அந்நஞ்சு முடக்கிவிடுகின்றது. முதல் ஆபத்து நீங்கிய பின்னரும், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் சுவாசத் தசைகள் செயலிழக்கக்கூடும். இதனை இடைநிலைக் கூட்டறிகுறி எனப் பெயரிட்டு 1987 இல் எழுதியவர்கள், இந்நாட்டு வைத்தியர்களான நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவுமே. இவ்வறிவு யாருடைய சொத்து? இரசாயனத்தினதா? மருத்துவத்தினதா? விவசாயத்தினதா?

நீதிமன்றத்துக்கு வாருங்கள். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 77 ஆம் பிரிவிலே, சித்த சுவாதீனமின்மையால் தன் செயலின் தன்மையை அறிய இயலாதவன் செய்தது குற்றமாகாது என்கின்றது. அறிதல் என்றால் என்ன? அப்புக்காத்து ஒரு மொழியும் வைத்தியர் வேறொரு மொழியும் பேச, இடையில் ஊசலாடுவது ஒரு மனிதனின் விடுதலையன்றோ!

கணவாயின் நரம்பிலே மின்துடிப்பு ஓடும் விதத்தை ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952 இல் சமன்பாடுகளால் விளக்கினர். 1963 இல் நோபெல் பரிசும் பெற்றனர். பரிசோதனை செய்தவர்களே கணக்கையும் போட்டனர். நம் நாட்டிலோ, உயர்தர வகுப்பின் வாசலிலேயே பிள்ளைகள் பிரிக்கப்படுகின்றனர். உயிரியல் கற்பவருக்கு இணைந்த கணிதம் இல்லை. இணைந்த கணிதம் கற்பவருக்கு உயிரியல் இல்லை. கலைப்பிரிவில் அளவையியல் கற்பவருக்கு இரண்டுமே இல்லை. இவ்வேலியைப் பல்கலைக்கழகமும் காத்து நிற்பதா?

இருக்கின்ற பாடங்களைத் திரட்டிப் புதுப்பெயர் சூட்டினால் போதாதா என்பர் சிலர். நான்கு ஊர்களிலுள்ள துண்டுக் காணிகளை ஒரே உறுதியில் எழுதிவிட்டால் அவை ஒரு வயலாகிவிடுமா?

நாம் கோருவன இவை. மூன்று பிரிவு மாணவருக்கும் அனுமதி வாசல் திறக்கவேண்டும். முதலாண்டில் உயிரியல் கற்றோருக்குக் கணிதமும் புள்ளிவிபரவியலும், கணிதம் கற்றோருக்கு உயிரியலும், கலைப்பிரிவினருக்கு இரண்டும் அடிப்படையிலிருந்து கற்பிக்கவேண்டும். அதன்பின் ஒரே பிரச்சினையை வைத்தியரும் பொறியியலாளரும் சட்டவறிஞரும் ஒரே வகுப்பில் நின்று கற்பிக்கவேண்டும். இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரும் ஆய்வுகூடத்திலோ, ஆஸ்பத்திரியிலோ, வயலிலோ ஓர் ஆய்வைச் செய்து முடிக்கவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, இப்பட்டத்துக்கெனத் தனி ஆசிரியரும் தனி நிதியும் வேண்டும். இவையிரண்டும் இல்லாத பட்டம், பிற துறைகளின் வாசலில் இரந்து நிற்கும் பிள்ளையாகவே வளரும்.

இவை ஆகாத கனவுகள் அல்ல. அமெரிக்காவின் அம்ஹேர்ஸ்ட் கல்லூரி 1973 இலேயே இளமாணி மாணவருக்கு இத்தகைய கற்கைநெறியைத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்திலும், விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சியிலும் உள்ளன. பஸ் ஏறினால் அத்தூரத்தைக் கடந்துவிடலாம். மனத்திலுள்ள வேலியைப் பிடுங்குவதற்குத்தான் துணிவு வேண்டும்.

கற்றோரே, கமக்காரரே! பாடத்திட்டம் வகுப்பது பேராசிரியர்களின் தனியுரிமை என்று வாளாவிருக்காதீர்கள். நஞ்சேறுவது உங்கள் நரம்பில்; பிரிக்கப்படுவது உங்கள் பிள்ளை. பழைய மாணவர் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிப் பல்கலைக்கழகப் பேரவைக்கு அனுப்புங்கள். கேளாதவனுக்குத் தீர்ப்பும் இல்லை, பங்கும் இல்லை!